வாடைக்குப் பவுடர் பூசாதீர்கள்!

நாய் வளர்க்கும் சகோதரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி. வீட்டுக்கு வரும் விருந்தாளி வாசற்படியைத் தாண்டியதும் மூக்கை லேசாகச் சுளிப்பார். நாம் பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் சட்டென்று ஒரு புன்னகை செய்வார். "நாய் வளர்க்கிறீங்க போலிருக்கே?" என்று கேட்பார். நாயோ அப்போது கொல்லைப்புறத்தில் இருக்கும். அவர் கண்ணிலேயே பட்டிராது! இந்தச் சங்கடத்தை நீங்கள் அனுபவித்ததுண்டா?

நான் அனுபவித்திருக்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால் வீட்டுக்காரியான நமக்கு அந்த வாடை தெரியாது. மூக்குக்கு அப்படி ஒரு குணம். ஒரே வாசனையை விடாமல் முகர்ந்துகொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அதைக் கவனிப்பதை விட்டுவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு மணப்பதில்லை; பூக்கடைக்காரருக்கு மல்லிகை மணப்பதில்லை. நாய் வீட்டுக்காரிக்கு நாய் மணப்பதில்லை. வெளியிலிருந்து வருகிறவர்தான் சொல்ல வேண்டும். அவரும் மரியாதைக்காகச் சொல்லாமல் போய்விடுகிறார்.

எங்கள் வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டார். அதனால் ஏற்பட்ட கலவரத்தை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது புதுக்கோட்டை. உடனே சமஸ்தானத்துப் புதுக்கோட்டையையும் அரண்மனையையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற சாலையில் இருக்கும் எங்கள் சின்னப் புதுக்கோட்டை. கிழக்கே போனால் உப்பளமும் துறைமுகமும் கடலும். எங்கள் வீட்டு நாயின் பெயர் முத்து. முத்துக்குளிப்பு நடந்த சீமையில் வேறு என்ன பெயர் வைப்பது?

முத்து கன்னி ஜாதி. கறுப்பு உடம்பு, கால்களிலும் முகத்திலும் செம்பட்டை, ஒடிசலான இடுப்பு, ஓடினால் காற்றுத்தான். கோவில்பட்டிப் பக்கத்து நாட்டு நாய். கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்புவார்களாம். அதனால்தான் கன்னி என்று பெயர் வந்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். எனக்கும் என் அண்ணன்தான் கொண்டுவந்து கொடுத்தான். ஆகவே முத்து நாய் மட்டுமல்ல, என் பிறந்த வீட்டுச் சீர்! இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெண் பார்க்க வந்த நாள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஜில்லாவில் பெய்த பேய்மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்குப் பக்கம் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. முத்து இரண்டு நாள் அந்தக் கலங்கல் தண்ணீரில் நனைந்துகொண்டே திரிந்தது. மனுஷருக்கே காய்ந்த துணி இல்லாத சமயம். நாயைத் துவட்ட யாருக்கு நினைவு வரும்?

தண்ணீர் வடிந்தது. வீட்டை அலம்பினோம், பாயை உலர்த்தினோம், பொங்கலும் வைத்தோம். ஆனால் ஏதோ ஒரு புளித்த வாடை மட்டும் போகவில்லை. முத்துதான் காரணம் என்று இவர் சொன்னார். குளிப்பாட்டினேன். இரண்டு நாளில் திரும்ப வந்தது. மறுபடி குளிப்பாட்டினேன். மறுபடி வந்தது.

தை மாதத்தில் என் நாத்தனார் மகளை எங்கள் வீட்டில் வைத்துப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அத்தைக்கு (என் மாமியாரைத்தான் சொல்லுகிறேன்) ஒரே கவலை. "ஏம்மா, இந்த நாத்தத்தோட மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை எப்படி உட்கார வைக்கிறது?" என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன். காலையிலேயே முத்துவைக் குளிப்பாட்டி, உடம்பு முழுவதும் முகப் பவுடரைக் கொட்டித் தேய்த்து, அதற்கு மேல் ஓடிகலோனைத் தெளித்துவிட்டேன். சின்னப் பிள்ளை பிறந்த வீடு மாதிரி கமகமவென்று மணந்தது!

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். கேசரி வைத்தோம். அந்த நேரம் பார்த்து முத்து கட்டை அவிழ்த்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தது. நடுவில் நின்று தலையை ஓர் உதறு உதறியது பாருங்கள், பவுடர் புகையாகப் பறந்தது! அதோடு புளித்த வாடையும் ஓடிகலோனும் சேர்ந்து ஒரு புது நாற்றம். மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்கள். "எங்க வீட்டில் இதெல்லாம் பழக்கம் இல்லை" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

அவர்கள் போனதும் அத்தை என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவரைக் கூப்பிட்டு, "உப்பளத்துக் காவலுக்கு நாய் வேணும்னு கேட்டாங்களே, ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா" என்றார்.

நான் அடுக்களைக்குப் போய் அழுதேன். நாய்க்காக அழுதேனா, அண்ணன் கொடுத்த சீருக்காக அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் அம்மாள் சொன்னது

அன்று இரவு முத்து தூங்கவில்லை. தலையை உதறுவதும் பின்னங்காலால் காதைப் பிராண்டுவதுமாக இருந்தது. மறுநாள் காலையில் மிருக வைத்திய சாலைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அம்மாள் உடம்பைத் தொடவேயில்லை. மடிந்திருந்த காதைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே காப்பிப்பொடி நிறத்தில் மெழுகுபோல் ஒரு அழுக்கு. அந்தப் புளித்த வாடை குப்பென்று வந்தது.

"மழைத் தண்ணீர் காதில் நின்று பூஞ்சணம் பிடித்திருக்கிறது. நாய்க்கு ஒரு மாதமாக வலி. நீங்கள் காதை விட்டுவிட்டு முதுகைக் குளிப்பாட்டியிருக்கிறீர்கள்" என்றார்கள். பவுடர் தேய்த்த இடமெல்லாம் தோல் சிவந்திருந்ததையும் காட்டினார்கள். எனக்கு நாணிக்கொண்டு போயிற்று.

சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தாம் சிறுமியாக இருந்தபோது பார்த்ததைச் சொன்னார்கள்.

அத்தை பிறந்தது தூத்துக்குடிக் கடற்கரை. எங்கள் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்போது அத்தைக்கு ஏழு வயசு. முத்துக்குளிப்பு என்றால் நாம் கதைகளில் படிக்கிற மாதிரி சிப்பியைத் திறந்ததும் முத்து பளிச்சென்று உருண்டு வருவதில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி, கரைக்கு வந்த சிப்பியைக் குவித்து, கொட்டு என்று சொல்லுகிற அடைப்புக்குள் போட்டுவிடுவார்கள். வெயிலில் அது நாட்கணக்காக அழுக வேண்டும். ஈ மொய்க்கும், புழு வைக்கும். சதையெல்லாம் கரைந்த பிறகு கடல் தண்ணீர் விட்டு அலசி, அலசி, அலசி, அடியில் தங்குகிற மணலைச் சல்லடையாகச் சலித்தால் முத்துக் கிடைக்கும். காற்று திரும்பினால் அந்த நாற்றம் ஊரையே தூக்கும்.

"அந்த நாத்தத்துக்கு யாராவது பன்னீர் தெளிச்சாங்களா? நாத்தம் எங்கே இருக்கோ அங்கேதான் கையை விட்டுக் கழுவினாங்க. முத்தும் அங்கேதான் கெடைச்சுது. நீ பவுடர் போட்டே. நானும் அதை உப்பளத்துக்கு அனுப்பச் சொன்னேன். ரெண்டு பேரும் கையை விட்டுப் பார்க்கல" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முத்து எங்கேயும் போகவில்லை. அத்தைதான் மடியில் தலையை வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். நான் காதில் மருந்து விட்டேன். மூன்று வாரத்தில் வாடை போயே போய்விட்டது. அதன் பிறகுதான், ஒரு குளியலுக்கும் அடுத்த குளியலுக்கும் நடுவே நாயை எப்படி மணமாக வைத்துக்கொள்வது என்பதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதை இனி உங்களுக்குச் சொல்லுகிறேன்.

ஏன் இந்த வாடை?

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. பாதத்தின் அடியில்தான் வேர்வை. உடம்புச் சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் தணித்துக்கொள்ளும். ஆனால் அதன் தோலில் எண்ணெய் சுரக்கிறது. மயிர் வறளாமல், தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பாற்றுவது அந்த எண்ணெய்தான். அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் கொஞ்சம் பூஞ்சணமும் எப்போதும் குடியிருக்கும். ஆரோக்கியமான நாய்க்கும் உண்டு. அவை விடுகிற வாடைதான் நாய் வாடை. நனைந்தால் தண்ணீர் ஆவியாகும்போது அந்த வாடையையும் சேர்த்துக் கிளப்பும். நனைந்த நாய் நாறுவதற்கு இதுதான் காரணம்.

எங்கள் கடற்கரை ஊர்களில் காற்றிலேயே எப்போதும் ஈரம். நாய் சீக்கிரம் காய்வதில்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கிற சகோதரிகளுக்கும் இதே கதைதான்.

"அப்படியானால் தினம் குளிப்பாட்டினால் என்ன?" என்று கேட்பீர்கள். அதுதான் பெரிய தப்பு. அடிக்கடி சோப்புப் போட்டால் எண்ணெயெல்லாம் போய்த் தோல் வறண்டு, நமைச்சல் எடுத்து, நாய் பிராண்டிப் பிராண்டிப் புண்ணாக்கிக்கொள்ளும். புண் வந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம், வாடை இரட்டிப்பு. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற குட்டை மயிர் நாய்களுக்கு மாதம் ஒரு குளியல் போதும். அழுக்கில் புரண்டு வந்தால் அது வேறு விஷயம். சோப்பும் நம்முடையது வேண்டாம். நம் தோலில் இருக்கிற அமிலத் தன்மை நாயின் தோலில் அவ்வளவு கிடையாது. நமக்கென்று செய்த சோப்பும் ஷாம்பூவும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. நாய்க்கென்றே விற்கும் ஷாம்பூவை வாங்கி, ஒரு துளி தங்காமல் அலசிவிடுங்கள்.

தினம் ஐந்து நிமிஷம்

சாயங்காலம் காப்பி ஆனதும் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். முதல் வேலை, சீவுவது. உதிர்ந்த மயிரும் பழைய எண்ணெயும் தூசியும் தங்கினால்தான் வாடை. குட்டை மயிருக்கு ரப்பர் பல் வைத்த பிரஷ் போதும். கிடைக்காவிட்டால் சொரசொரப்பான காய்ந்த துண்டால் மயிர் படிந்திருக்கிற போக்கிலேயே அழுத்தித் துடையுங்கள். சடை நாய்க்குச் சீப்பு வேண்டும். சிக்கு விழவே விடக்கூடாது. சிக்குக்குள் ஈரம் நின்றால் அங்கேயே புளிக்கும்.

இரண்டாவது, துடைப்பது. பழைய பருத்தித் துண்டை வெறும் தண்ணீரில் நனைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, முகத்திலிருந்து தொடங்கித் துடையுங்கள். சாப்பிட்டபின் தாடை, வயிற்றடி, தொடை இடுக்கு, வாலடி என்று ஒழுங்காக வாருங்கள். கடைசியாக நான்கு பாதம். விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். வேர்வை அங்கேதான் என்று சொன்னேனே. பொரி வறுத்த மாதிரி ஒரு வாடை பாதத்தில் கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம். பிறகு காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். இந்தக் கடைசிக் காரியத்தை விட்டுவிட்டால் முன் செய்ததெல்லாம் வீண்.

மழையில் நனைந்து வந்தாலும் இதே விதிதான். தானே காயட்டும் என்று திண்ணையில் விட்டுவிடாதீர்கள். காது மடலைத் தூக்கி, வெளிப்பக்கம் எட்டும் வரையில் மெல்லிய துணியால் ஒற்றுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடவே கூடாது. அழுக்கு இன்னும் ஆழமாகப் போய்விடும். எண்ணெயும் காய்ச்சி ஊற்றக் கூடாது. கடலில் குளித்துவிட்டு வந்த நாயை நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிவிடுங்கள். உப்புப் பூத்தால் நமைச்சல்தான்.

கருவாட்டிலோ செத்த மீனிலோ போய்ப் புரண்டு வருகிற வழக்கமும் நாய்க்கு உண்டு. எங்கள் ஊர்களில் இதற்குச் சந்தர்ப்பம் அதிகம்! அப்போது முழுக் குளியல் வேண்டாம். ஒட்டியிருப்பதைக் காய்ந்த துணியால் வழித்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் நாய் ஷாம்பூ போட்டு அலசினால் போதும்.

நாய் மணந்தால் போதுமா? படுக்கை?

நாயைச் சுத்தம் செய்துவிட்டு அழுக்குச் சாக்கிலேயே படுக்கவிட்டால், குளித்துவிட்டு வேர்த்த ரவிக்கையைத் திரும்பப் போட்டுக்கொண்ட மாதிரிதான். பல வீடுகளில் நாய் வாடை என்று நினைப்பது சாக்கு வாடையே. சாக்கு ஈரத்தை இழுக்கும், லேசில் காயாது. அதை எடுத்துப் போடுங்கள். பழைய நூல் சேலையை நாலாக மடித்து உறை மாதிரி தைத்து, இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று படுக்கையில், ஒன்று கொடியில். வாரம் ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். தூத்துக்குடி வெயிலைக் குறை சொல்லாதவர்கள் இல்லை. உப்பு விளைவதும் அதனால்தான், நாய்ப் படுக்கை மணப்பதும் அதனால்தான்!

துவைக்க முடியாத மெத்தையாக இருந்தால் ஆப்ப சோடாவை லேசாகத் தூவி, அரை மணி கழித்து நன்றாகத் தட்டிவிடுங்கள். வாடையை இழுத்துக்கொள்ளும். தட்டி முடிக்கிற வரையில் நாயை அண்ட விடாதீர்கள்; சோடா அதிகமாக வயிற்றில் போனால் கெடுதல். மளிகைக் கடையில் கேட்கும்போது ஆப்பத்துக்குப் போடுகிற சோடா என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். சலவைச் சோடா வேறு. அது தோலை அரித்துவிடும்.

கழுத்துப் பட்டையை மறக்காதீர்கள். துணிப் பட்டையானால் படுக்கையோடு சேர்த்துத் துவையுங்கள். தோல் பட்டையானால் ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். சாப்பாட்டுத் தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள்.

வாயும் வாலும்

நாய் கொஞ்சினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்களா? பல்லைப் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் மஞ்சளாகக் காறை கட்டி, ஈறு சிவந்திருந்தால் வாடை அங்கிருந்துதான். விரலில் ஈரத் துணியைச் சுற்றிப் பல்லின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துப் பழக்குங்கள். குட்டியாக இருக்கும்போதே தொடங்கினால் சுலபம். நம் பற்பசை வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது. அதில் இருக்கும் ஃப்ளூரைடும், சிலவற்றில் சேர்க்கிற சைலிட்டால் என்ற இனிப்பும் நாய்க்கு விஷம். நாய்களுக்கென்று தனிப் பசை விற்கிறார்கள். காறை கெட்டியாகிவிட்டால் டாக்டரிடம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வால் பக்கத்தில் மீன் கெட்ட வாடை திடீரென்று வந்தால், அது சாப்பாட்டால் வந்தது அல்ல. நாய்க்கு ஆசனவாயின் இரு பக்கமும் இரண்டு சிறு பைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் அந்த வாடை வரும். நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகரும். நாம் சிரிப்போம், அதற்கு வலி. நீங்களாக அழுத்திப் பார்க்காதீர்கள். வைத்தியர் சில நிமிஷத்தில் சரி செய்துவிடுவார்.

இவை வேண்டவே வேண்டாம்

ஒரு சூத்திரம் சொல்லுகிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நாயின் மேல் பூசுவதெல்லாம் நாயின் வயிற்றுக்குள் போகும். அது தன்னைத் தானே நக்கிக்கொள்ளும் பிராணி.

ஆகவே படுக்கைக்கு அடியில் அந்துருண்டை போடாதீர்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவச் சொல்லுவார்கள்; கற்பூரமும் நாய்க்கு விஷம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுகிற பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். பினாயிலும் டெட்டாலும் நாயின் உடம்புக்கு அல்ல. பினாயில் போட்டுத் தரை துடைத்தால் நன்றாகக் காய்ந்த பிறகே நாயை உள்ளே விடுங்கள். டீ ட்ரீ எண்ணெய் என்று இப்போது குப்பியில் விற்கிறார்களே, இயற்கைச் சரக்குத்தானே என்று அதைச் சொட்டாதீர்கள். சிறிது போனாலும் நாய்க்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். முகப் பவுடர் மூச்சுக்குழலில் போய் இருமல் எடுக்கும். ஸென்ட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நானே போட்டுப் பார்த்தவள்!

நாயின் மூக்கு நம் மூக்கைப்போல் பல மடங்கு கூர்மையானது. நாம் ரம்மியமாக இருக்கிறது என்று ஒரு சொட்டுத் தெளித்தால், அதற்குக் காது கிழிய மேளம் கொட்டுகிற மாதிரி. அதிலிருந்து ஓடி ஒளிய இடமும் இல்லை, தன் உடம்பிலேயே இருக்கிறதே! அதனால்தான் ஸென்ட் தெளித்த நாய் முதல் வேலையாக மண்ணில் புரளுகிறது.

வாடை ஒரு சேதி

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் வாடை போகவில்லை என்றால், அல்லது நேற்றுவரை இல்லாத வாடை இன்று வந்தால், அது அழுக்கல்ல, சேதி. வாயில்லா ஜீவன் வேறு எப்படிச் சொல்லும்?

புளித்த மாவு வாடையும் தலை உதறலும் சேர்ந்தால் காதைப் பாருங்கள். அதே வாடை தோலில் வந்து, பிசுபிசுப்பும் நமைச்சலும் இருந்தால் தோலில் பூஞ்சணம். மூச்சில் பழம் பழுத்த மாதிரியோ நகப் பாலிஷ் மாதிரியோ இனிப்பு வாடை அடித்து, நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து இளைத்துக்கொண்டு வந்தால் நீரிழிவாக இருக்கலாம். மூச்சில் மூத்திர வாடை அடித்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பின்புறம் துர்நாற்றத்தோடு கசிவு இருந்து, சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம்; அன்றைக்கே கூட்டிப் போக வேண்டிய சமாசாரம், நாளைக்கு என்று தள்ளக்கூடாது. மழைக் காலத்தில் அழுகல் வாடை வந்தால் மயிருக்குள் விரலை விட்டுத் தேடுங்கள். சின்னப் புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருக்கும்.

அரசாங்கக் கால்நடை மருத்துவமனை பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மாட்டுக்குத்தான் வைத்தியம் என்று நினைத்து நாயோடு போகக் கூச்சப்படாதீர்கள்.

கடைசியாக, அந்தப் பெண் பார்த்த கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்களே! அந்த இடம் முடியவில்லை. ஆனால் நாயால் அல்ல. ஜாதகம் ஒத்து வரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். நாயால்தான் என்று என் நாத்தனாருக்கு இன்னும் ஒரு சந்தேகம். அதே வருஷம் ஆவணியில் வேறு இடத்தில் நிச்சயமாயிற்று. அவர்கள் வந்தபோதும் முத்து கூடத்தில்தான் படுத்திருந்தது. பவுடர் இல்லை, ஓடிகலோன் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, முத்து எழுந்து சோம்பல் முறித்த பிறகுதான், "அடடே, நாய் இருக்கா!" என்று ஆச்சரியப்பட்டார்.

அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அன்றைக்குக் கேசரியில் முத்துவுக்கும் ஒரு கரண்டி கேட்டார்கள் அத்தை. முந்திரியும் திராட்சையும் போட்டது. நாய்க்குத் திராட்சை ஆகாது என்று நான்தான் கொடுக்கவில்லை. "சரி, என் பங்கையும் நீயே சாப்பிடு" என்றார்கள்.

சாப்பிட்டேன். அண்ணனுக்கு அன்று இரவே போன் செய்து, சீர் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன்.

உங்கள் வீட்டு முத்துவின் காது மடலை இன்று சாயங்காலம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், சகோதரிகளே. ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷம். ஏதாவது இருந்தால், நான் கழித்த அந்த ஒரு மாதம் உங்களுக்கு மிச்சம்.